நட்டத்தில் ஓடும் நிறுவனம் ஆராய்ச்சிக்குப் பணம் போடலாமா? கணக்குப் போட்டு முடிவெடுக்கும் முறை

நட்டத்தில் இருக்கும் நிறுவனத்தில் ஆராய்ச்சிச் செலவைப் பற்றிப் பேச்செடுத்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். புதிதாக ஒன்றைக் கொண்டுவராமல் எழவே முடியாது என்பார்கள் பொறியாளர்கள். முதலில் அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழி பாருங்கள் என்பார் கணக்கர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கும். உங்கள் நிறுவனத்துக்கு எது பொருந்தும் என்பது லாப நட்டக் கணக்கிலும் வங்கிக் கையிருப்பிலும் இருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு. பொருள் செய்து விற்கும் சிறிய, நடுத்தர நிறுவனத்தை மனதில் வைத்து எழுதியது. பங்கு வாங்குவதற்காக ஒரு நிறுவனத்தின் கணக்கைப் படிப்பவருக்கும் முதல் மூன்று பகுதிகள் உதவும்.

நட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் சோலார் பம்புக்கு கண்ட்ரோலர் செய்கிறது. ஆண்டு விற்பனை 40 கோடி ரூபாய். பொருட்செலவு 24 கோடி, உற்பத்திக் கூலி 4 கோடி போக மொத்த லாபம் 12 கோடி, அதாவது 30 சதவீதம். விற்பனை, நிர்வாகச் செலவு 9 கோடி. வட்டி 2, தேய்மானம் 2, ஆராய்ச்சி 5. கூட்டிக் கழித்தால் 6 கோடி நட்டம்.

இப்போது ஆராய்ச்சி வரியை மட்டும் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். நட்டம் 1 கோடியாகிறது. அதாவது இந்த வியாபாரம் ஏறத்தாழத் தன் காலில் நிற்கிறது; நட்டத்தில் பெரும்பங்கு எதிர்காலத்துக்காகப் போடும் பணம். இப்படிப்பட்ட நிறுவனத்தில் ஆராய்ச்சியைத் தொடர்வது பற்றிப் பேசலாம்.

மறைத்த பிறகும் நட்டம் பெரிதாகவே இருந்தால் இன்னொரு படி கீழே போக வேண்டும். மொத்த லாபம் இருக்கிறது, அலுவலகச் செலவைத்தான் தாங்கவில்லை என்றால் அது ஆள்கணக்கு, விற்பனை அளவு சார்ந்த சிக்கல். ஆராய்ச்சியால் அது தீராது. விற்கும் ஒவ்வொரு பொருளிலுமே கை கடிக்கிறது என்றால் ஒரே வகை ஆராய்ச்சிக்குத்தான் அனுமதி: இப்போது விற்கும் பொருளின் அடக்கவிலையை இறக்கும் வேலை. அதற்கும் தேதி குறித்திருக்க வேண்டும்.

இதற்கு உண்மையான எடுத்துக்காட்டு ஓசூரில் ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜி. 2023-24இல் செயல்பாட்டு வருவாய் சுமார் 1,754 கோடி, நட்டம் சுமார் 1,060 கோடி. ஆராய்ச்சிச் செலவு சுமார் 236 கோடிதான். நட்டத்தில் கால்பங்குகூட இல்லை. ஆகவே "ஆராய்ச்சி செய்வதால் நட்டம்" என்ற எளிய விளக்கம் அங்கே நிற்காது. பார்க்க வேண்டியது, வண்டிக்கு வண்டி கிடைக்கும் லாபம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. நிறுவனம் காட்டும் சரிசெய்த மொத்த லாப விகிதம் அந்த ஆண்டில் சுமார் 9 சதவீதம். அடுத்த ஆண்டில் சுமார் 19. நட்டம் சுமார் 812 கோடிக்கு இறங்கியது. 2025இல் பங்கு வெளியிட்டபோது அதில் 750 கோடியை ஆராய்ச்சிக்கென ஒதுக்கினார்கள். திருப்பிக் கட்ட வேண்டிய கடனாக இல்லாமல் பங்குப் பணமாக அது வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஓர் இடைக்குறிப்பு. பஞ்சு விலையும் மின் கட்டணமும் சேர்ந்து நசுக்கும் நூற்பாலைக்கு ஆராய்ச்சித் துறை மருந்தாகாது. பழைய ஸ்பிண்டில்களை மாற்றுவதும் மின்சாரத்தைச் சொந்தமாகத் தயாரிப்பதும் அங்கே அதிகம் மிச்சப்படுத்தும். உங்கள் தொழிலில் வாங்குபவர் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறார், போட்டியாளரிடம் இருக்கும் அதே இயந்திரம் கடையில் கிடைக்கிறது என்றால் மேலே படிக்க வேண்டாம். இயந்திர வியாபாரியைக் கூப்பிடுங்கள்.

ஆராய்ச்சி என்று எழுதியிருப்பதெல்லாம் ஆராய்ச்சியா?

அந்த 5 கோடியை இன்னும் உடைக்க வேண்டும். பொறியாளர்களின் மூன்று மாத டைம்ஷீட், கொள்முதல் பில்கள், வெளி ஆய்வகக் கட்டணம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நான்கு பைகளில் போடுங்கள்: விற்ற பொருளைப் பராமரிப்பது, அடக்கவிலையைக் குறைப்பது, புதுப் பொருள், "சும்மா பார்ப்போமே" வகை. நம் கற்பனை நிறுவனத்தில் இவை முறையே 2.2, 0.8, 1.5, 0.5 கோடி என்று வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பை பலரை அதிர வைக்கும். ஒரு ஐ.சி. (சிப்) கிடைக்காமல் போனதால் சர்க்யூட் பலகையை மாற்றி வரைவது, வாடிக்கையாளர் புகாருக்காக மென்பொருளைத் திருத்துவது, பழைய மாடலுக்குச் சான்றிதழ் புதுப்பிப்பது எல்லாம் இதில்தான் விழும். இது வியாபாரத்தை ஓட்டும் செலவு. இதை வெட்டினால் ஆறு மாதத்தில் திரும்பி வரும் சரக்கு கூடும். எதிர்காலத்துக்கென்று உண்மையில் போவது 2 கோடிதான், அதுவும் மூன்று நான்கு பிராஜெக்டுகளில் சிதறிக் கிடக்கும்.

டைம்ஷீட் இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். அரை நாள் துல்லியம் போதும். மணிக்கணக்கில் கேட்டால் பொய்தான் எழுதுவார்கள்.

வெளியாளாகக் கணக்கைப் படிப்பவர்கள் இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தியக் கணக்கியல் தரம் 38இன்படி, ஆராய்ச்சிக் கட்டச் செலவை அந்த ஆண்டே செலவாக எழுத வேண்டும். ஆனால் தொழில்நுட்ப ரீதியாக முடிக்க முடியும், முடிக்கும் எண்ணமும் வளமும் உண்டு, விற்று வருமானம் பார்க்க முடியும் என்பது போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால், மேம்பாட்டுக் கட்டச் செலவைச் சொத்தாக ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் லாப நட்டக் கணக்கு அழகாகத் தெரியும், வங்கியில் பணம் போயிருக்கும். ஆகவே ரொக்க ஓட்ட அறிக்கையில் அருவச் சொத்துக்கு (வடிவமைப்பு, மென்பொருள் போன்ற கையால் தொட முடியாத சொத்து) போன தொகையை எடுத்து ஆராய்ச்சிச் செலவோடு கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு குறிப்புகளில் "உருவாக்கத்தில் உள்ள அருவச் சொத்து" வயதுப் பட்டியலைத் தேடுங்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி ஓராண்டுக்குள், 1-2, 2-3, 3 ஆண்டுக்கு மேல் என்று பிரித்துக் காட்ட வேண்டும். மூன்றாண்டைத் தாண்டிய தொகை பெரிதாக இருந்தால், செத்துப்போன பிராஜெக்ட் ஒன்றைப் புதைக்காமல் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

காசு எத்தனை மாதம் வரும்

நட்டம் 6 கோடி என்பதால் ஆண்டுக்கு 6 கோடி காலியாகும் என்று நினைத்துவிடக் கூடாது. தற்செயலாகத்தான் இங்கே அதே எண் வருகிறது. தேய்மானம் 2 கோடி ரொக்கமாகப் போவதில்லை, அதைக் கூட்டினால் 4. கடன் அசல் தவணை 1.5, வசூல் தாமதத்தாலும் சரக்கிருப்பாலும் முடங்குவது 0.5. மொத்தம் 6 கோடி. மாதத்துக்கு 50 லட்சம். கையில் 9 கோடி இருந்தால் 18 மாதம்.

கையிருப்பில் சி.சி. லிமிட்டை, அதாவது வியாபாரத்துக்கு வங்கி தரும் கடன் வரம்பை, சேர்க்காதீர்கள். எடுக்கும் உரிமை சரக்கிருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் பொறுத்தது. விற்பனை சரியும்போது அதுவும் சேர்ந்து சரியும். உங்களுக்கு மிகத் தேவைப்படும் மாதத்தில்தான் வங்கி அதைக் குறைக்கும்.

இதற்கு எதிராக வைக்க வேண்டிய எண், அடுத்த நிரூபணம் வரும் தேதி. நிரூபணம் என்றால் வெளியாள் ஒருவர் நம்பிப் பணம் தரும் அளவுக்குக் கையில் காட்டக்கூடிய முடிவு. அதற்குப் பொறியாளர் சொல்லும் காலத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். முதலீடு பேசிக் கையெழுத்தாகிப் பணம் வர இன்னும் 6 மாதம் சேருங்கள். 8 மாதம் என்று சொன்னால் 12 ஆகும், 6 சேர்த்தால் 18. நம் நிறுவனம் சரியாக விளிம்பில் நிற்கிறது. இங்கே ஆராய்ச்சிச் செலவை ஒரு ரூபாய்கூடக் கூட்டக் கூடாது. ஆனால் இருக்கும் ரூபாயை இடம் மாற்றலாம். அடுத்த பகுதி அதைப் பற்றியது. பெரும்பாலான நட்ட நிறுவனங்களுக்கு விடை இருப்பதும் அங்கேதான்.

ஏ.எம்.டி. செய்தது: குறைத்தார்கள், குவித்தார்கள்

நட்டத்திலும் ஆராய்ச்சியை விடாததால் பிழைத்த நிறுவனம் என்று, கணினிச் சிப் வடிவமைக்கும் அமெரிக்க நிறுவனமான ஏ.எம்.டி.யை எல்லோரும் காட்டுவார்கள். கணக்கைத் திறந்து பார்த்தால் கதை வேறு. 2011இல் அதன் ஆராய்ச்சிச் செலவு சுமார் 145 கோடி டாலர். 2012இல் நட்டம் 118 கோடி டாலர். அதிலிருந்து ஆராய்ச்சிச் செலவு ஆண்டுக்காண்டு இறங்கி 2015இல் சுமார் 95 கோடிக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு காலி. அந்த ஆண்டு நட்டம் 66 கோடி டாலர். பங்கு விலை இரண்டு டாலருக்குக் கீழே போனது.

விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. 2011இல் விற்பனையில் 22 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போனது, 2015இல் ஏறத்தாழ 24. கூடியது போலத் தோன்றுகிறது. விற்பனை 657 கோடியிலிருந்து 399 கோடி டாலருக்கு விழுந்ததால் வந்த மாயம் அது. நட்ட நிறுவனத்தை அளக்க விற்பனைக்கு ஆராய்ச்சி என்ற விகிதத்தை நம்பாதீர்கள். தொகையையும் ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள்.

மிச்சமிருந்த பணத்தை எங்கே வைத்தார்கள் என்பதுதான் விஷயம். சிப் வடிவமைப்பாளர் ஜிம் கெல்லர் 2012 ஆகஸ்டில் திரும்ப வந்து சேர்ந்தார், புது மைய வடிவமைப்பான ஜென் தொடங்கியது. 2014 அக்டோபரில் லிசா சூ தலைமைக்கு வந்தார். 2012இல் 33.4 கோடி டாலருக்கு வாங்கிய சீமைக்ரோவின் சர்வர் தொழிலை 2015இல் மூடினார்கள். ஆர்ம், எக்ஸ்86 என்ற இரண்டு வகைச் சிப்பும் ஒரே பலகையில் பொருந்தும்படி திட்டமிட்ட ஸ்கைபிரிட்ஜையும் அதே ஆண்டு கைவிட்டார்கள். ஜென்னைத் தொடவில்லை. 2017 மார்ச்சில் ஜென்னில் உருவான ரைசன் சிப் சந்தைக்கு வந்தது, அந்த ஆண்டு சிறிய லாபமும் வந்தது. தொடக்கத்திலிருந்து நாலரை ஆண்டு.

குவித்ததற்கு விலையும் கொடுத்தார்கள். கிராபிக்ஸ் சிப்பில் அந்தக் காலகட்டத்தில் என்விடியாவிடம் பின்தங்கினார்கள். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைப் பட்டினி போட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லத் துணிவு வேண்டும். எல்லாப் பிராஜெக்டிலும் சமமாக 20 சதவீதம் வெட்டுவது நிர்வாகத்துக்குச் சண்டையில்லாத வழி. விளைவு, எல்லாமே தாமதமாகி எதுவும் முடியாது. சமவெட்டு அறிவித்த மறு வாரமே வேறு வேலை கிடைக்கக்கூடிய நல்ல பொறியாளர்கள் தேடத் தொடங்குவார்கள்.

செலவின் அளவு மட்டும் ஒன்றையும் உறுதி செய்யாது என்பதற்கு அதே துறையில் எதிர்ப்பக்கம் பார்க்கலாம். 2024இல் இன்டெல் சுமார் 1,650 கோடி டாலர் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது, ஏ.எம்.டி. சுமார் 646 கோடி. அந்த ஆண்டு இன்டெல்லின் நட்டம் சுமார் 1,880 கோடி டாலர்.

நம் கோவைக் கணக்குக்கு வந்தால்: பராமரிப்பின் 2.2 கோடியும் அடக்கவிலைக் குறைப்பின் 0.8 கோடியும் அப்படியே இருக்கட்டும். புதுப் பொருள் பிராஜெக்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்தி, "சும்மா பார்ப்போமே" பையையும் கொட்டினால் ஒரே பிராஜெக்டுக்கு ஆண்டுக்கு 2 கோடி கிடைக்கும். மொத்தச் செலவு அதே 5 கோடிதான்.

தவணையாகப் போடுங்கள்: ஒரு கணக்கு

தேர்ந்தெடுத்த பிராஜெக்டுக்கு 4 கோடி தேவை: இப்போது 2, ஓராண்டு கழித்து 2. வெற்றி வாய்ப்பு 30 சதவீதம். வென்றால் மூன்றாம் ஆண்டு முதல் ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு 5 கோடி மிச்சம். நட்ட நிறுவனத்துக்குப் பணத்தின் விலை அதிகம். 20 சதவீதத்தில் தள்ளுபடி செய்வோம், அதாவது பின்னால் வரும் பணத்தை ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.2ஆல் வகுத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவோம்.

ஐந்தாண்டு 5 கோடியின் மதிப்பு இரண்டாம் ஆண்டு முடிவில் 14.95 கோடி. அதை இரண்டாண்டுக்கு 1.44ஆல் (1.2 × 1.2) வகுத்தால் இன்றைய மதிப்பு 10.38. அதில் 30 சதவீதம் 3.1 கோடி. செலவின் இன்றைய மதிப்பு 2 கூட்டல் 1.67, அதாவது 3.67. வருவது 3.1, போவது 3.67. வேண்டாம் என்றே கணக்கு சொல்கிறது.

அதே பிராஜெக்டை வெட்டிப் பாருங்கள். முதல் 8 மாதம் 80 லட்சம் மட்டும் போட்டு மிகக் கடினமான கேள்விக்கு விடை தேடுகிறோம். அதைத் தாண்டும் வாய்ப்பு பாதி, தாண்டியபின் வெற்றி வாய்ப்பு 60 சதவீதம். பெருக்கினால் பழைய 30 சதவீதம்தான். ஆனால் பாதி நேரம் மிச்சமுள்ள 2.87 கோடியைச் செலவழிக்கவே மாட்டோம். எதிர்பார்க்கும் செலவு 0.8 கூட்டல் 1.43, அதாவது 2.23 கோடி. வருவது அதே 3.1. இப்போது 88 லட்சம் மேலே நிற்கிறது.

ஆக, முதல் தவணையில் எதைச் சோதிக்கிறீர்கள் என்பதே உயிர்நிலை. சுலபமான வேலையை முதலில் செய்து முன்னேற்றம் காட்டும் பழக்கம் பொறியாளர்களுக்கு உண்டு. டப்பாவும் திரையும் ஆப்பும் முதல் மாதத்திலேயே தயாராகிவிடும். பிராஜெக்டைக் கொல்லக்கூடிய கேள்வியை முன்னே கொண்டுவாருங்கள். நம் கண்ட்ரோலருக்கு வாசல் நிபந்தனை, அதாவது அடுத்த தவணைப் பணம் விடுவதற்கு முன் தாண்ட வேண்டிய கோடு, இப்படி இருக்கலாம்: 10 பலகைகளில் 9, 50 டிகிரி சூட்டில் 500 மணி நேரம் முழுச்சுமையில் நிற்காமல் ஓட வேண்டும், ஆயிரம் யூனிட் கொள்முதல் விலையில் பொருட்செலவு 7,500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், இரண்டு வாடிக்கையாளர்களாவது முன்பணம் கட்டி 20 யூனிட் கேட்டிருக்க வேண்டும். "ஆர்வம் காட்டினார்கள்" என்பதைச் சேர்க்காதீர்கள். நிபந்தனையையும் தேதியையும் தொடங்கும் நாளிலேயே எழுதி, பிராஜெக்டில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பணம் எங்கிருந்து வரலாம்

வங்கியின் டேர்ம் லோனில் ஆராய்ச்சி செய்யாதீர்கள். வருமானம் தொடங்கும் முன்பே தவணை தொடங்கிவிடும், பிணையாகப் போவது உங்கள் கட்டடம்.

நல்ல வழி, அடுத்தவர் பணம். அமெரிக்க மருந்து நிறுவனமான ரெஜெனரான் 1988இல் தொடங்கி முதல் முழு ஆண்டு லாபத்தை 2012இல்தான் பார்த்தது. அவ்வளவு காலம் தாங்கியதற்கு ஒரு காரணம், சனோஃபி, பேயர் போன்ற கூட்டாளிகள் ஆராய்ச்சிச் செலவில் பங்கேற்றது. ஏ.எம்.டி.யும் அப்படித்தான்: 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் சிப் செய்து வருமானம் பார்த்தது. ஆஸ்டின் வளாகத்தை 16.4 கோடி டாலருக்கு விற்று அங்கேயே வாடகைக்கு இருந்தது. பினாங்கு, சூச்சோ ஆலைகளில் 85 சதவீதத்தைக் கைமாற்றியது. உங்கள் அளவில் இதற்குச் சமம், வாடிக்கையாளரிடம் வடிவமைப்புக் கட்டணம் கேட்பது. விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். வடிவமைப்பின் உரிமை யாருக்கு என்பதை ஆர்டரிலேயே எழுதாவிட்டால் பின்னால் வழக்கு வரும்.

அரசுப் பணத்தில், ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதியில் கருத்தை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியம் அறிவித்திருந்தார்கள்; இப்போது விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். உயிர்நுட்பம் என்றால் மத்திய அரசின் உயிர்நுட்ப அமைப்பான பைராக்கின் பிக் திட்டத்தில் 50 லட்சம் வரை உண்டு. பணம் தவணையாகவும் தாமதமாகவும் வரும்; காசு எத்தனை மாதம் வரும் என்ற கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

வரிச் சலுகையை நம்பி யாராவது ஆராய்ச்சித் துறை தொடங்கச் சொன்னால் பழைய செய்தியைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவில் 200 சதவீதக் கழிவு 2016-17 வரைதான் இருந்தது. பிறகு 150, 2020-21 முதல் 100. எப்படியும் நட்டத்தில் இருப்பவருக்கு இப்போது கட்ட வரி இல்லை. பயன் நட்டத்தை முன்னெடுப்பதில்தான்: வியாபார நட்டத்தை 8 ஆண்டு வரை பின்வரும் லாபத்தில் கழிக்கலாம். இரண்டு இடத்தில் இதை இழப்பார்கள். வருமான வரி அறிக்கையைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால் அந்த ஆண்டு நட்டம் முன்னே வராது. பட்டியலிடப்படாத நிறுவனத்தில் புது முதலீட்டாளர் நுழைந்து பழைய பங்குதாரர்களின் வாக்குரிமை 51 சதவீதத்துக்குக் கீழே போனாலும் போய்விடும். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்குத் தளர்வு உண்டு. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே கெடும்

அதிகம் கெடுவது ஆய்வகத்தில் இல்லை, வாசலில். 7,500 ரூபாய் நிபந்தனை 8,400இல் நிற்கும்; "அளவு கூடினால் இறங்கிவிடும்" என்று ஒருவர் சொல்வார், கூட்டம் தலையாட்டும். அளவு கூடினால் எவ்வளவு இறங்கும் என்பதற்கு சப்ளையரின் எழுத்து விலைப்பட்டியல் கேளுங்கள். இல்லையென்றால் வாசலைத் தாண்டவில்லை என்றே எழுதுங்கள்.

அடுத்தது, மாதிரி வேலை செய்தவுடன் வேலை முடிந்ததாக நினைப்பது. மோல்ட், சான்றிதழ் சோதனை, ஒரு கோடையும் ஒரு மழையும் தாங்கும் களச் சோதனை, முதல் நூறு யூனிட்டின் வாரண்டி ஆகியவை மாதிரிக்கு ஆன செலவை எளிதில் தாண்டும். 4 கோடி பட்ஜெட்டில் இவை இல்லையென்றால் அது 4 கோடிப் பிராஜெக்ட் இல்லை.

வருமானக் கணிப்பு மானியத்தின் மேல் நின்றால் மானியம் இல்லாமலும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 2023 ஜூனில் மத்திய அரசு மின் இருசக்கர வாகன மானியத்தைக் கிலோவாட்-மணிக்கு 15,000இலிருந்து 10,000 ரூபாயாகவும், உச்சவரம்பை வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகவும் குறைத்தபோது பலருடைய கணக்கு ஒரே நாளில் உடைந்தது. சோலார் பம்பும் மானியத்தில் ஓடும் சந்தைதான்.

ஆராய்ச்சிக்காக விற்பனைப் பிரிவையும் சர்வீஸையும் வெட்டுவது இன்னொன்று. பொருள் தயாராகும் நாளில் அதை எடுத்து விற்க டீலர் இருக்க மாட்டார்.

நிறுத்தும் நாள்

பணக்கார நிறுவனங்களும் நிறுத்துகின்றன. கோவிட் தடுப்பூசி வருமானம் வடிந்த பிறகு 2023இல் சுமார் 470 கோடி டாலர் நட்டம் கண்ட மாடர்னா, 2024 செப்டம்பரில் ஆராய்ச்சிச் செலவை ஆண்டுக்கு சுமார் 110 கோடி டாலர் குறைக்கப்போவதாகச் சொல்லி ஐந்து திட்டங்களைக் கைவிட்டது.

வாசலில் தோற்றால் இரண்டு வாரத்துக்குள் மூடுங்கள். ஆறு வாரம் இழுத்தால் யாராவது அதற்கு மறுபடி உயிர் கொடுத்துவிடுவார்கள். சோதனைத் தரவு, சர்க்யூட் வரைபடம், மென்பொருள், எது ஏன் தோற்றது என்ற நான்கு பக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரே இடத்தில் சேமியுங்கள். எழுதியவர் கிளம்புவதற்கு முன் வாங்க வேண்டும். தற்காலிக விவரக்குறிப்போடு காப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்தால் முழு விவரம் தர 12 மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். தொடர்வதா விடுவதா என்று அன்றே முடிவு செய்யுங்கள். வந்து சேராத பாகங்களின் ஆர்டரை ரத்து செய்யுங்கள். முன்பணம் கொடுத்த வாடிக்கையாளருக்கு, அவர் கேட்கும் முன் திருப்பி அனுப்புங்கள். சொத்தாக ஏற்றிய தொகை இருந்தால் அந்தக் காலாண்டிலேயே எழுதித் தள்ளுங்கள். அந்தப் பொறியாளர்களுக்கு அடக்கவிலைக் குறைப்பில் மறுநாளே வேலை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பிராஜெக்டின் தோல்வியை உங்களிடம் நேரத்தோடு சொல்ல ஆள் இருக்காது.